காப்பும் கட்டும்

பிறர்க்கு உதவுதல் நன்று என்பதிலே ஐயுறுவார் ஒருவருமிலர். ஆயின், உதவி என்னும் அச்சொல்லின் பொருள் யாது என வினவுமிடத்துக் கருத்துக்கள் வேறுபடுகின்றன. ஒருவனுக்காக நாமே எண்ணி, நாமே தெரிந்து, நாமே செய்துமுடித்துக் கொடுத்தல் உதவியா? அன்றி, அவன் தானே எண்ணவும் தெரியவும் செய்யவும் வல்லனாகுமாறு அவன் பக்கத்திலே நிற்றல் உதவியா? அறிவும் உடல்வலியும் நிரம்பப்பெற்றார் விஷயத்தில் இவ்வினா அத்துணைக் கடியதன்று. நாம் அளவிறந்து தலையிட்டால் அவரே நம்மை விலக்கிவிடுவர். விலக்கமாட்டாதார் விஷயத்திலேயே இது மெய்யான தருமவினாவாகின்றது. அத்தகையாருள் முதற்கண் வைத்தெண்ணத்தக்கவர் கற்றலிடருடையோர். அவரை இளமையிலே ஏற்றுக்கொள்ளவோ புறந்தள்ளவோ செய்பவர் உபாத்தியாயராகிய நாமேயாதலின், இவ்விஷயத்தைச் சிறிது ஆராயப் புகுந்தாம்.

கற்றலிடருடையோர் என யாம் ஈண்டுக் குறிப்பது, பிறப்பிலேனும் இளமையிலேனும் மூளையின் வளர்ச்சி தடைப்பட்டமையால், புதியவற்றை அறிந்துகோடலும், எண்ணும் எழுத்தும் பயிலுதலும், பணத்தையும் காலத்தையும் கணக்கிடுதலும் ஏனையோர்க்கு எளியவாதல்போலத் தமக்கு எளியவாகாதாரையாம். இது பித்தன்று, சோம்பலுமன்று, மருந்தினால் மாறும் நோயுமன்று. இவரெல்லாரும் ஒருதரத்தாருமல்லர். சிலர் சிறிது துணைகொண்டு தொழில்செய்து தனித்து வாழ்வர். சிலர் உண்ணவும் உடுக்கவும் வாழ்நாள்முழுவதும் பிறர்கையை வேண்டுவர். காரணங்களும் பல. இங்கிலாந்திலே வைத்தியர் லாங்டன் டவுன் என்பவர் 1866ஆம் ஆண்டிலே இவருள் ஒருவகையினரின் இயல்புகளை விரித்தெழுதினார். அவ்வியல்புக்குக் காரணம் 21ஆம் நிறமூர்த்தம் இரண்டாக நில்லாது மூன்றாக நிற்றலே என்பது 1959ஆம் ஆண்டிலே பிரான்சிய வைத்திய அறிஞரால் வெளிப்படுத்தப்பட்டது. தாயின் ஒழுக்கத்தையோ, கருவுற்றகாலத்து அவள் கண்டதையும் உண்டதையுமோ குறைகூறி அவளைப் புண்படுத்தும் ஊர்ப்பேச்சுக்கு இவ்வகையில் இடமேயில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இவர்க்கு உலகம் இழைத்த தீங்கு இருவகைத்து. ஒன்று புறக்கணிப்பு, மற்றொன்று ஆட்சி. புறக்கணிப்பு யாவர்க்கும் தெரிவது. ஆட்சியோ அன்பின் வேடம் பூண்டு வருதலின் எளிதிலே தெரியவராது. இவ்விரண்டற்கும் அடியிலே கிடப்பது, மனிதனின் விலை அவன் அறிவின் அளவே என்னும் தவறான கொள்கையாகும்.

அக்கொள்கை சென்ற வழியைச் சரித்திரத்திலே காண்போம். 1913ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் மனக்குறையுடையோர் சட்டம் என ஒன்றை நிறைவேற்றிற்று. அது மக்களைத் தரந்தரமாகப் பிரித்து, இழிசொற்களையே சட்டப்பெயர்களாகச் சூட்டி, அவரைப் பெருமடங்களிலே அடைத்துவைத்தற்கு வழிசெய்தது. அச்சட்டம் 1959 வரையும் நின்றது. அடைக்கப்பட்டவருட் பலர் யாதொரு குற்றமும் செய்தவரல்லர். ஜெர்மனியிலே அக்கொள்கை இதனினும் கொடியதாயிற்று. ஹிட்லர் ஆட்சிக்காலத்துப் பள்ளிக்கூடக் கணிதநூல்கள், குறையுடையோரை ஓராண்டு காத்தற்கு இத்துணைப் பணம் செலவாகுமாயின் அப்பணத்தினால் எத்தனை வீடுகள் கட்டலாம் என்பதுபோன்ற கணக்குக்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தன. பின்பு 1940ஆம் ஆண்டு தொடங்கி 1941ஆம் ஆண்டுவரையும், ஓர் இரகசியத் திட்டத்தின்படி ஏறக்குறைய 70,000 பேர் நச்சுவாயுவினாற் கொல்லப்பட்டனர். கொலைத்தொழில் வைத்தியசாலையிலே நடந்தது. அதற்கு மனத்தைப் பழக்கும் தொழிலோ வகுப்பறையிலும் நடந்தது. கணக்குப் படிப்பித்த உபாத்தியாயர் தாம் விடையைத் திருத்தியதன்றி வேறொன்றும் செய்திலேம் என்று எண்ணியிருப்பர். நம்தொழிலிலே உள்ள அபாயம் எத்துணைப் பெரிது என்பதை இதனால் உணர்க.

இனி, எதிர்வழியிலே சென்றாரையும் நோக்குவோம். பிரான்சு தேசத்திலே 1800ஆம் ஆண்டிலே, காட்டிலே தனித்துத் திரிந்த ஒரு சிறுவன் அகப்பட்டான். அவன் பேச்சறியான். அக்காலத்துப் பெருவைத்தியர் பினெல் என்பவர் அவன் திருந்தத்தக்கவனல்லன் என்றார். செவிடர் ஊமையர் கலாசாலையிலே வைத்தியராயிருந்த இளைஞர் இட்டார் என்பவர் அதனை ஏலாது, விக்டர் எனப் பெயரிட்டு ஏறக்குறைய ஐந்தாண்டு அவனுக்குக் கற்பித்தார். அச்சிறுவன் சில எழுத்துச்சொற்களை அறிந்தானேயன்றிப் பேசுதலை அறிந்தானல்லன். ஆதலின் இட்டார் தம்முயற்சி முற்றும் பலித்திலதென வருந்தினார். ஆயினும் அவர் எழுதிவைத்த செய்தியொன்று நம்மாற் கவனிக்கத்தக்கது. விக்டரை வளர்த்தவர் குவேரின் அம்மையார் என்பவர். நாடோறும் உணவுவேளையிலே கலங்களை எடுத்துவைத்தல் விக்டரின் வேலை. அம்மையாரின் கணவர் இறந்தபின்னும் அவன் வழக்கம்போல அவர்க்குரிய கலத்தை வைத்தான். அம்மையார் அதனைக் கண்டு அழுதார். அவ்வழுகைக்குத் தானே காரணம் என்று உணர்ந்த விக்டர், அக்கலத்தை எடுத்து அலமாரியிலே வைத்துவிட்டான். பின்பு ஒருபோதும் அதனை வைத்திலன். எழுத்தும் பேச்சும் கைகூடாத ஒருவன், பிறர் துயரத்தை அறிந்து தன்செயலை மாற்றிக்கொண்டான். கற்றாரெல்லாரிடத்தும் இவ்வறிவைக் காண்கின்றோமா? பரீட்சையிலே அளக்கப்படுவது அறிவின் ஒரு கூறேயென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இட்டாரின் மாணாக்கராகிய செகுவின் என்பவர் அம்முறையை வளர்த்து, கற்றலிடருடைய பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தினார். அவ்விருவர் நூல்களையும் பயின்ற மரியா மொண்டசோரி அம்மையார் உரோமாபுரியிலே அத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பித்து, அதனாற்பெற்ற அனுபவத்தையே 1907ஆம் ஆண்டிலே ஏனைச் சிறுவர்க்கும் பயன்படுத்தினார். அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டிலே சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தமை பலர் அறிந்ததே. நம்முடைய பாலர்வகுப்புக்களிலே வழங்கும் கருவிகளும் விளையாட்டுமுறைகளும் பல, படிப்பிக்கமுடியாதவர் என்று தள்ளப்பட்ட பிள்ளைகளிடமிருந்தே நமக்குக் கிடைத்தன. அவர்க்கு நாம் கடன்பட்டவர்கள்.

பெருமடங்களிலே அடைத்துக் காத்தல் காப்பாகுமா என்னும் வினா, இரண்டாம் உலகயுத்தத்துக்குப் பின்னரே பலமாக எழுந்தது. வினவினாருள் முதல்வர் பெற்றோர். இங்கிலாந்திலே 1946ஆம் ஆண்டிலே ஜூடி பிறைட் என்னும் தாய், தம்மைப்போன்ற தாய்மாரை ஒரு பத்திரிகை வாயிலாக அழைத்து ஒரு சங்கத்தை உண்டாக்கினார். அக்காலத்துச் சட்டம் அவர் பிள்ளைகளைக் கல்விக்கு உரியரல்லர் என்று நீக்கியிருந்தது. அந்நீக்கம் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டு, 1971 ஏப்பிரல் முதலாக எத்துணை இடருடைய பிள்ளையும் கல்விக்கு உரியதாயிற்று. டென்மார்க்கு தேசத்திலே 1959ஆம் ஆண்டுச் சட்டம், இவர்க்கு ஏனையோர் வாழ்க்கையை இயன்றமட்டும் ஒத்த வாழ்க்கையை அமைத்தலே நோக்கம் என விதித்தது. காலையில் எழுந்து வேலைக்குச் செல்லுதல், மாலையில் வீடு திரும்புதல், தன் அறையிலே தன் பொருளை வைத்துக்கொள்ளுதல் ஆகிய இவை சிறியன போலத் தோன்றினும், இவையின்றி வாழ்க்கை என்பது யாது?

இக்கொள்கை மனோராச்சியமன்று என்பதும் சோதித்துக் காணப்பட்டது. ஜாக் ரிசாட் என்னும் ஆராய்ச்சியாளர் 1958ஆம் ஆண்டிலே, இலண்டனிலுள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து 16 பிள்ளைகளை நாட்டுப்புறத்து வீடொன்றுக்குக் கொண்டுசென்று, சிறுகுழுக்களாக்கி, வளர்ப்பாரை அணுக்கமாக வைத்து, விளையாட்டோடு வளர்த்தார். அவரை ஒத்த வேறு 16 பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தனர். இரண்டாண்டு முடிவிலே, வீட்டிலே வளர்ந்தார் பேச்சுத்திறனிலும் மனநிலையிலும் மற்றையாரின் மேம்பட்டு நின்றனர். பிறவிக்குறை என்று எண்ணப்பட்டவற்றுள் ஒருபகுதி, அடைத்துவைத்தலால் விளைந்த குறையே என்பது இதனாற் போந்த உண்மை. 1969ஆம் ஆண்டிலே கார்டிவ் நகரத்து ஈலி ஆஸ்பத்திரியைப்பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்து, ஆங்கே நோயாளர் அடியுண்டமையையும் அவர் பொருள்கள் களவாடப்பட்டமையையும் உலகறியச் செய்தது. அதன்பின்னரே பெருமடங்களை மூடி ஊர்நடுவே சிறுவீடுகளிலே இவரை வாழ்விக்கும் முறை இங்கிலாந்திலே மெல்லமெல்லப் பரவியது.

மதில் நீங்கினமாத்திரையிலே கட்டு நீங்கிற்றா? இதுவே யாம் எடுத்துக்கொண்ட வினாவின் நடுவிடம். 1997ஆம் ஆண்டிலே நிகழ்ந்த ஒரு வழக்கை நோக்குக. பேசமாட்டாத ஒருவர், ஆஸ்பத்திரியிலே முப்பதாண்டுக்கு மேற்பட வாழ்ந்து, பின்பு ஓர் அன்புள்ள குடும்பத்தாரோடு மூன்றாண்டு வாழ்ந்திருந்தார். ஒருநாள் அவர் மனங்கலங்கித் தம்மைத்தாமே அடித்துக்கொள்ள, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்று மாதக்கணக்காக வைத்திருந்தனர். குடும்பத்தார் கேட்டும் விடுத்திலர். அவர் வெளியே செல்ல முயலாமையால் அவர் இசைந்தே இருக்கின்றார் என்பது ஆஸ்பத்திரியாரின் வாதம். பிரித்தானியப் பிரபுக்கள் சபை நீதிபதிகள் 1998ஆம் ஆண்டிலே ஆஸ்பத்திரிக்கு அநுகூலமாகத் தீர்த்தனர். ஐரோப்பிய மனிதவுரிமை நீதிமன்றமோ 2004ஆம் ஆண்டிலே, அவருடைய சுயாதீனம் முறையின்றிப் பறிக்கப்பட்டது எனத் தீர்த்தது. வாய்திறந்து மறாதவன் இசைந்தவன் என்று கொள்ளலாகாது என்பதே அத்தீர்ப்பிலிருந்து யாம் கற்கும் நீதி. நம்வீடுகளிலும் வகுப்புக்களிலும் மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு நாம் செய்பவற்றை எண்ணிப்பார்ப்போமாயின், இவ்வழக்கு தூரதேசத்ததன்று என்பது விளங்கும்.

இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் 2005ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட மனத்தகுதிச் சட்டம் ஐந்து நெறிகளை முன்வைத்தது. தகுதியில்லை என நிறுவப்படுமளவும் எவரையும் தகுதியுடையார் என்றே கொள்ளுதல் முதலாவது. ஒருவர் தாமே தீர்மானித்தற்கு வேண்டிய உதவியெல்லாம் செய்துபார்த்த பின்னன்றி அவரால் இயலாதென்று முடிவுகட்டாமை இரண்டாவது. ஒருவர் செய்யும் தீர்மானம் நமக்குப் புத்தியீனமாகத் தோன்றுதல்பற்றியே அவரைத் தகுதியிலார் எனக் கொள்ளாமை மூன்றாவது. அவர்க்காகப் பிறர் தீர்மானிக்கவேண்டிவரின் அவர் நன்மையையே கருதுதல் நான்காவது. அவருடைய சுயாதீனத்தை மிகக்குறைவாகத் தடுக்கும் வழியைத் தேடுதல் ஐந்தாவது. ஈண்டுத் தகுதி என்பது ஆளைப்பற்றிய முத்திரையன்று. அவ்வவ்விஷயத்தையும் அவ்வக்காலத்தையும் பற்றியது. காணியை விற்றலைப்பற்றித் தீர்மானிக்க இயலாத ஒருவர், தாம் உடுக்கும் ஆடையையும் உறவாடும் நண்பரையும் தெரிய வல்லராயிருக்கலாம்.

இதற்கு வலியதொரு தடை கூறுவாருளர். கற்றலிடருடைய ஒருவர்க்கு நீரிழிவு வியாதி உண்டு. அவர் இனிப்பையே நாடோறும் வேண்டுகின்றார். கேட்டதைக் கொடுத்து, அவர் சுயாதீனத்தை மதித்தோம் என்று சொல்லி, அவரைச் சாகவிடுதலா தருமம்? எனின், அன்று. அஃது ஆட்சியைக் கைவிடும் பெயரால் மீட்டும் புறக்கணிப்பிலே வீழ்தலாகும். ஆயின், அலமாரியைப் பூட்டித் திறவுகோலை இடுப்பிலே செருகிக்கொள்ளுதலும் முதற்செயலாகாது. முதலிலே, இனிப்புக்கும் நோவுக்கும் உள்ள தொடர்பை அவர் அறியும்வண்ணம் படங்காட்டியும் பலநாட் பொறுத்தும் சொல்லுதல் வேண்டும். அடுத்து, அவர் விரும்பத்தக்க வேறு பண்டங்களை அவரோடு சந்தைக்குச் சென்று அவரே தெரியச்செய்தல் வேண்டும். அவர் வேண்டுவது இனிப்பையா, இனிப்பு உண்ணும்போது தமக்குக் கிடைக்கும் கூட்டத்தையா என்பதையும் ஆராய்தல் வேண்டும். இவையெல்லாம் செய்தபின்னும் உயிர்க்கு இடையூறு நிற்குமாயின், அப்பொழுது தடுத்தல் தகும். அத்தடையும் அவ்வொன்றையே பற்றி, இயன்றமட்டும் குறுகியதாய், அடிக்கடி மீளவும் ஆராயப்படுவதாய் இருத்தல் வேண்டும். பூட்டுதல் ஒரு கணத்திலே முடிவது. யாம் கூறிய வழியோ மாதங்களை வேண்டுவது. பூட்டு நமக்கு விருப்பமாதல் பெரும்பாலும் அவர் நன்மைபற்றியன்று, நம் நேரம்பற்றியே. காப்புக்கும் கட்டுக்கும் உள்ள வேற்றுமையை இங்கே காணலாம்.

மற்றொரு தடை பெற்றோருடையது. தம் பிள்ளையைக் கண்ணுள் மணியாகக் காக்கும் தாய், வெளியே விட்டால் உலகம் ஏமாற்றும், ஏளனஞ்செய்யும், தீங்கிழைக்கும் என்று அஞ்சுகின்றாள். அவ்வச்சம் பொய்யன்று. பிரிஸ்டல் நகரத்துக்கு அணித்தான விண்டர்போண் வியூ என்னும் தனியார் ஆஸ்பத்திரியிலே, சம்பளம்பெற்ற காவலாளரே இவரை வதைத்தமை 2011ஆம் ஆண்டிலே தொலைக்காட்சி வாயிலாக வெளிப்பட்டது. 11 பேர் 2012ஆம் ஆண்டிலே தண்டனையடைந்தனர். நல்ல சட்டம் இருந்த தேசத்திலே, அச்சட்டம் வந்தபின் நிகழ்ந்த கொடுமை இது. ஆனால் அஃது எங்கே நிகழ்ந்தது என்பதை நோக்குக. கடைவீதியிலன்று, அயலார் நிறைந்த ஊரிலன்று, பூட்டிய கதவின் உள்ளே நிகழ்ந்தது. பலர் கண்படும் இடத்திலே, பலர்க்கு அறிமுகமாய், தனக்கு நேர்ந்ததைச் சொல்ல ஒரு வழியும் கேட்க ஒரு நண்பனும் உடையனாய் இருத்தலே ஒருவனுக்கு உறுதியான காவல். அன்றியும், தாய் தனக்குப்பின் யார் என்று இரவிலே எண்ணும் எண்ணத்துக்கும் விடை இதுவே. தாயொருத்தியையே அறிந்த பிள்ளை, அவள் இறந்த அன்றே தாயையும் வீட்டையும் வழக்கங்களையும் ஒருங்கே இழக்கின்றது. பலரை அறிந்து, சில வேலைகளைத் தானே செய்யப் பழகிய பிள்ளை, தாயை இழந்தும் உலகத்தை இழவாது.

இவ்விடர் முன்வினைப்பயனாதலின் அதனிலே நாம் செய்யத்தக்கது யாதுமில்லை என்று நம்மவருள்ளே கூறுவாரும் உளர். வினைப்பயன் அனுபவிப்பார்க்கு உரியது. காண்பார் கடமையை அது நீக்காது. பசியையும் பிணியையும் வினைப்பயனென்றே கொண்ட நம்முன்னோர் அன்னசத்திரம் அமைத்தலையும் மருந்து கொடுத்தலையும் விடுத்தாரல்லர். ஆன்மாவின் அறிவு விளங்குதற்கு உடலும் கருவிகளும் துணை என்பது நம்சமயக் கொள்கை. துணைக்கருவி குறையின் விளக்கம் குறையுமேயன்றி, ஆன்மா குறைவதன்று. ஆதலின் கருவி குறைந்தார்க்கு நாம் கருவியாய் நிற்றல் தகுமேயன்றி, அவர்க்கு நாயகராதல் தகாது.

இலங்கைப் பாராளுமன்றம் இயலாமையுடையோர் உரிமைகளைப் பாதுகாத்தற்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றிற்று. ஐக்கியநாடுகள் சபை 2006ஆம் ஆண்டிலே ஏற்ற சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டிலே உறுதிப்படுத்தியது. பிறரைப்போல ஊரிடையே வாழ்தலும், தன் காரியத்தைத் தீர்மானித்தற்கு வேண்டிய துணையைப் பெறுதலும் உரிமைகள் என்பது அச்சமவாயத்தின் துணிபு. சட்டம் ஏட்டிலே நிற்பது. நாடோறும் பிள்ளையின் முன்னே நிற்பவர் உபாத்தியாயர். ஆதலின் அவர் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுதும்.

அப்பிள்ளையைப்பற்றி அறிய விரும்பின், பக்கத்திலே நிற்கும் தாயை வினவுமுன் பிள்ளையை வினவுக. விடை வரச் சிறிது காலமாகும், அக்காலத்தைக் கொடுக்க. ஒரு செயலைக் கற்பிக்குங்கால் அதனைச் சிறுசிறு படிகளாகப் பகுத்து, ஒருபடி கைவந்தபின் மறுபடிக்குச் செல்க. முகங்கழுவுதல், சில்லறை எண்ணுதல், கடையிலே ஒருபொருளைக் கேட்டு வாங்குதல், பஸ்வண்டியின் இலக்கத்தை அறிதல் ஆகிய இவற்றையும் பாடமென்றே மதிக்க. பாடசாலைவிழாவிலே அவனுக்கும் ஒருவேலை கொடுக்க. அது பிறர் இரங்கிக் கைதட்டுதற்பொருட்டு அன்றி, அவன் செய்யாதொழியின் குறைபடும் மெய்வேலையாயிருக்க. நாடோறும் ஒருமுறையாவது இரண்டனுள் ஒன்றைத் தெரியும் வாய்ப்பை அவனுக்கு உண்டாக்குக. தெரிந்து பழகாதவன் பெரியவனானபின் தெரியமாட்டான்; அப்பொழுது அவனுக்குத் தகுதியில்லை என்று நாமே கூறுவோம். ஏனை மாணாக்கர் அவனுக்கு இட்ட பட்டப்பெயரைக் கேட்டுங் கேளாதவர்போல் இராதொழிக. பரீட்சைச் சித்தியின் வீதம் குறையுமென்று அஞ்சி, அவனை வராதிருக்கச் சொல்லும் வழக்கத்தை அறவே விடுக.

இவையெல்லாம் கூடுதலான உழைப்பன்றோ எனின், உழைப்பே. நாற்பது பிள்ளைகளுக்கு ஒருவராய் நிற்கும் உபாத்தியாயரின் இடர்ப்பாட்டை யாம் அறியாதவரல்லேம். அதுபற்றியே இக்கடமை உபாத்தியாயரோடு முடியாது. பயிற்சிபெற்ற துணையாசிரியரை அரசினரிடமிருந்தும், வேலைகொடுப்பாரை ஊரவரிடமிருந்தும், பொழுதுசெலவிடும் இளைஞரைச் சங்கங்களிடமிருந்தும் கேட்டுப்பெறுதல் பாடசாலை முகாமையாளர்களின் கடன். ஆயினும், கேட்குமுன் செய்யத்தக்கன பல நம்கையிலேயே உள.

முடிவாக ஒன்று கூறுவேம். நாம் ஒருவர்க்குச் செய்தது காப்போ கட்டோ என்று ஐயம் நேருமிடத்து ஒரு சோதனை உண்டு. சென்ற ஆண்டிலும் இவ்வாண்டிலே அவர் தாமாகச் செய்வன கூடினவா, நம்மையன்றி அவரை அறிந்தார் தொகை பெருகிற்றா என நோக்குக. கூடிப் பெருகின், நாம் செய்தது காப்பு. அவ்வாறன்றி, நாமில்லாமல் அவர் ஒருநாளும் இயங்கார் என்பதிலே நமக்குப் பெருமிதம் தோன்றுமாயின், நாம் அன்பினாலே பின்னியது கயிறேயாம். அதனை மெல்ல நெகிழ்த்தத் தொடங்குவோமாக.